விரதம் இருந்த லாரி

திருத்தணியில் போய் ஆதிகேசவன் வீடு எது என்று கேட்டால், எந்த ஆதிகேசவன் என்பார்கள். லாரியை விரதம் இருக்க வைத்த ஆதிகேசவன் என்று சொல்லிப் பாருங்கள். கேட்ட ஆள் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அப்புறம் கூடவே வந்து வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போவான். ஆயுசு முழுக்க ஸ்டியரிங் பிடித்த மனிதனுக்கு ஊர் கொடுத்த பட்டம் அதுதான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்த விரதத்தை எப்படி முடித்துவைத்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தானே கதை! பாதிக் கதை சொல்லிப் பல்லிளிப்பது நம் ஊருக்குப் பழகிய வேலை.

அவன் அப்பா மாட்டுவண்டிக்காரர். பையனுக்கு மாட்டைவிட மோட்டார்மேல்தான் கண். கனகம்மாசத்திரத்தில் பஸ் வந்து நின்றால் பேனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பான். கிளீனராகச் சேர்ந்து, திட்டு வாங்கி, வண்டி ஓட்டப் பழகி, அவன் டிரைவர் ஆன நேரம் பார்த்து உலகச் சண்டை வந்தது. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு. பஸ்ஸின் முதுகில் இரும்பு உலையை மாட்டி, கரி போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டி ஓட்டச் சொன்னார்கள். விடியற்காலையில் உலையை மூட்டி ஊதுவதற்குள் உயிர் போய்விடும். மேடு வந்தால் ஜனங்களே இறங்கித் தள்ளுவார்கள். ராத்திரி வீட்டுக்குப் போனால் பல் மட்டும்தான் வெள்ளையாகத் தெரியும். அந்தக் கரி பஸ்ஸில் ஒரு தடவை புது பிஸ்டன் போட்ட மறுநாளே, கல்யாண கோஷ்டிக்கு முகூர்த்தம் தவறுகிறது என்று விரட்டி ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினான். பாதி வழியில் இஞ்சின் ‘கிறீச்’ என்று அலறி அப்படியே இறுகிப்போயிற்று. அந்த அலறல் அவன் காதைவிட்டு வருஷக்கணக்கில் போகவில்லை.

சுதந்திரம் வந்த இரண்டாம் வருஷம், ஆனி மாசத் தொடக்கத்தில், கடைவீதி பரந்தாமன் ஒரு புது டீசல் லாரி வாங்கினார். அம்மையார்குப்பத்துத் தறிகளில் சேலை வாங்கிப் பட்டணத்துக்கு அனுப்புகிற வியாபாரி அவர். கிருத்திகை தவறாமல் தணிகை மலை ஏறுகிறவர். வாய் கொஞ்சம் நீளம். மனசு நல்ல மனசு. ஊரில் எத்தனையோ டிரைவர்கள் இருக்க, ஆதிகேசவனைக் கூப்பிட்டு, “கரியிலயே வண்டி ஓட்டினவன் நீ. டீசல்ல ஓட்ட மாட்டியா?” என்று சொல்லி வண்டியை ஒப்படைத்தார். ஆதிகேசவன் பச்சை வர்ணம் பூசிய பேனட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தள்ளாமல் போகிற வண்டி! மூஞ்சி கறுக்காத வேலை!

வண்டியை விற்ற பட்டணத்துக் கம்பெனி ஆள் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தான். “இஞ்சின் புதுசு. முதல் ஆயிரம் மைல் விரட்டாம, பதமா ஓட்டிப் பழக்குங்க.” பதம் என்றால் எவ்வளவு பதம்? அதை அவனும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா? ஆதிகேசவன் காதில் பழைய இஞ்சினின் அலறல் கேட்டது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான்.

“மொதலாளி, ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் ஒரு மண்டலம் கீதுங்க. அதுவரைக்கும் இஞ்சினை விரதத்துல வச்சுடலாம். பாரமே ஏத்த வேணாம். காலைல ஒரு நாழி நின்ன இடத்துல உறும வுடலாம், சாயந்தரம் நடக்கற வேகத்துல ஒரு சுத்து. மூச்சு நல்லா பழகிடும்ங்க. கிருத்திகை அன்னிக்கு சாமி பேரைச் சொல்லி மொதல் பாரம்.”

பரந்தாமன் துள்ளி எழுந்துவிட்டார். “சபாஷ்டா ஆதி! எனக்குத் தோணாம பூட்ச்சே!”

அடுத்த நாளே லாரிக்கு மாலை போட்டாயிற்று. ரேடியேட்டருக்கு மேல் விபூதிப் பட்டை. குளிக்காதவன் வண்டியைத் தொடக்கூடாது. கவுச்சி தின்றவன் சாய்ந்துகூட நிற்கக்கூடாது. வண்டி விரதம் என்றால் ஓட்டுகிறவன் மட்டும் சும்மா இருக்கலாமா? ஆதிகேசவனும் மாலை போட்டுக்கொண்டான். ஒரு வேளைச் சாப்பாடு முதலாளி வீட்டில். படுக்கை லாரியின் பின்பக்கப் பலகைமேல் பாய் விரித்து.

அவன் மனைவி கன்னியம்மாள் சொந்த மாமன் மகள். பாவாடை கட்டின நாளிலிருந்து அவனை ‘பாவா’ என்று கூப்பிட்டுச் சண்டை போட்டு வளர்ந்தவள். சும்மா விடுவாளா?

“ஏன் பாவா, தெரியாமத்தான் கேக்கறேன். வண்டி மாலை போட்டுக்கிச்சு, சரி. நான் இன்னா பாவம் பண்ணேன்? என்னைக் கட்டிக்கினு வந்தன்னிக்கு கல்லுலயும் முள்ளுலயும் குலுங்கக் குலுங்க ஓட்டிக்கினு வந்தியே, அப்ப எங்க பூட்ச்சு இந்தப் பதம்?”

“அது மாட்டுவண்டிடீ. இது மிஷினு.”

“ஆங், மிஷினுக்கு இருக்கற மரியாதை மனுசிக்கு இல்ல. போ, அதையே கட்டிக்கினு படு” என்று உள்ளே போய்விட்டாள்.

சாயந்தரமானால் ஊருக்கு அது ஒரு வேடிக்கை. லாரி கடைவீதியில் புறப்பட்டு, குளத்தைச் சுற்றி, ஸ்டேஷன்வரை போய்த் திரும்பும். கட்டைவண்டிகள் பக்கத்தில் முந்திக்கொண்டு போகும். மேய்ந்துவிட்டு வீட்டுக்குப் போகிற எருமைகூட ஒரு நாள் முந்திவிட்டது. “இன்னா ஆதி, வடம் புடிக்க ஆள் அனுப்பட்டுமா?” என்று வண்டிக்காரர்கள் கத்துவார்கள். ஆதிகேசவன் திரும்பியே பார்க்கமாட்டான். எச்சில் தெளிக்காமல் பேசு என்று வேண்டுமானால் சொல்லுவான். வண்டி விரதத்தில் இருக்கிறதல்லவா!

மண்டலம் பாதியைத் தாண்டியது. ஒரு நாள் காலையில் இஞ்சினை உறும விட்டபோது பின்னால் நீலமாக ஒரு புகை எழுந்தது. அடுத்த நாள் கொஞ்சம் கூடியது. அதற்கு அடுத்த நாள் ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தான். எண்ணெய் பாதிக்குக் கீழே கிடந்தது. ஒழுகவில்லை, சிந்தவில்லை. இஞ்சினே குடிக்கிறது! ஊற்றினான். மறுபடி குடித்தது. பச்சைப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட இஞ்சின், கிழட்டு இஞ்சின் மாதிரி எண்ணெய் குடித்துப் புகை கக்குவானேன்? இன்னும் மெதுவாக ஓட்டினான். புகை இன்னும் கூடியது.

வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. முதலில், “விரதத்துக்கு சாம்பிராணி வேற போடுது பாரு” என்று கேலி. பிறகு பேச்சு வேறு மாதிரி திரும்பியது. விரதத்தில் ஏதோ குறை; சாமி குத்தம்; டிரைவர் ராத்திரியில் திருட்டுத்தனமாக வீட்டுக்குப் போய் வருகிறான்; அவன் வீட்டுப் பக்கம் கருவாட்டு வாசனை அடித்தது. அட, கன்னியம்மாள் விரதமா இருந்தாள்? அவள் வீட்டில் அவள் கருவாடு வறுத்தாள்! அதை யார் கேட்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை பரந்தாமன் கூப்பிட்டு அனுப்பினார். முகம் சரியில்லை.

“உண்மையைச் சொல்லு ஆதி. கருவாடு தின்னியா?”

ஆதிகேசவன் உள்ளே போய்க் கற்பூரம் கேட்டு வாங்கிவந்தான். லாரிக்கு முன்னால் கொளுத்தி, எரிகிற கற்பூரத்தை வெறும் உள்ளங்கையால் அடித்து அணைத்தான். “தணிகேசன் மேல சத்தியமா இல்லீங்க” என்றான். கை கொப்பளித்துவிட்டது. கண்ணில் நீர் நின்றது, கை எரிச்சலால் அல்ல.

பரந்தாமனுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். “நம்பறேன்டா. ஆனா புகை நிக்கலியே? நேத்தே பட்டணத்துக்குத் தந்தி குடுத்துட்டேன். டீசல் வண்டி ஓட்டிப் பழகின ஆள் ஒருத்தன் திங்கக்கெழம மத்தியானம் ரயில்ல வர்றான். வண்டியை அவன்கிட்ட ஒப்படைச்சுடு” என்றார்.

மறுபடி கரி பஸ். மறுபடி ஊதுலை. அதுகூடப் பரவாயில்லை, புது இஞ்சினைக் கெடுத்தவன், விரதத்தை முறித்தவன் என்ற பேரோடு இந்த ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? ஆதிகேசவனுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

சனிக்கிழமை உச்சிவெயிலில் அவன் கால்கள் தாமாக வீட்டுக்குப் போயின. விரதமாயிற்றே என்று வாசற்படியிலேயே உட்கார்ந்தான். கன்னியம்மாள் அப்போதுதான் கேழ்வரகு அரைத்து முடித்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் மோர் கொண்டுவர உள்ளே போனாள். எதிரே கல் ஏந்திரம் இருந்தது. அதன் முளைக்குச்சியைப் பிடித்து, எங்கேயோ பார்த்தபடி, அதைச் சுற்ற ஆரம்பித்தான். குழியில் ஒரு மணி தானியம் இல்லை. கல்லின்மேல் கல் கரகரவென்று சுற்றியது.

மோர்ச் செம்போடு வந்தவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கோழி பறந்தது. “யோவ் பாவா! புத்தி கீதா உனக்கு? வெறும் ஏந்திரத்தை சுத்துவாங்களா? கல்லும் கல்லும் இழைச்சு பளபளன்னு ஆயிடும். அப்பறம் எதைப் போட்டாலும் புடிக்காது, வழுக்கிக்கினு பூடும்! கல்லு கொத்தறவனை எங்க போய் தேடுவேன்?”

ஆதிகேசவன் கை நின்றது.

“இன்னா சொன்னே?”

“கல்லு மழுங்கிடும்னேன். தானியம் போட்டு அரைச்சாத்தான் கல்லுக்குப் பல்லு நிக்கும். இதுகூடவா தெரியாது?”

அவன் ஏந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சிலிண்டர் சுவரும் பிஸ்டன் வளையமும் ஒன்றோடொன்று உரசி உரசித்தானே பொருந்த வேண்டும்? பாரம் இருந்தால்தானே வளையம் சுவரை அழுத்திப் பிடிக்கும்? பாரமே இல்லாமல், தினமும் ஒரு நாழிகை நின்ற இடத்தில் சுற்றவிட்டு, ஆமை வேகத்தில் உருட்டி... சுவர் கண்ணாடியாகியிருக்கும். வளையம் வழுக்குகிறது. இடுக்கு வழியே எண்ணெய் ஏறி எரிகிறது. விரட்டினால்தான் இஞ்சின் கெடும் என்று நினைத்தானே, கொஞ்சினாலும் கெடும்!

“அடி என் ராசாத்தி!” என்று கத்தினான். மோரைக் குடிக்கவில்லை. தெருவில் ஓடினான்.

பரந்தாமன் கிடங்கில் சேலைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். “மொதலாளி, வண்டிக்குப் பாரம் குடுங்க. நாளைக்கு அரைப்பாரம். திங்கக்கெழம முழுப்பாரம்” என்றான் மூச்சிரைக்க.

“உனக்குப் பைத்தியமா? கிருத்திகைக்கு முந்தி பாரம் ஏத்தினா விரதம் முறிஞ்சுடாதா? உன் வாயாலதானே சொன்னே?”

“சொன்னேன்ங்க. தப்பா சொல்லிட்டேன். புத்தி கெட்டு சொல்லிட்டேன்.” ஏந்திரக் கதையைச் சொன்னான். பரந்தாமன் தலையை ஆட்டினார், மனசு இறங்கவில்லை. இஞ்சின் போனால் வேறு இஞ்சின். சாமி காரியத்தில் கை வைக்க அவருக்குப் பயம்.

ஆதிகேசவன் அண்ணாந்து பார்த்தான். கிடங்கு ஜன்னலில் மலை தெரிந்தது.

“ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க மொதலாளி. மண்டலம் விரதம் இருக்கறவன் எதுக்கு இருக்கறான்? காவடி எடுக்கத்தானே? தோள்ல பாரம் இல்லாம எவனாச்சும் கையை வீசிக்கினு மலையேறி விரதம் முடிப்பானா? நாம இந்த வண்டிக்கு மாலை போட்டோம், பட்டினி போட்டோம். காவடி மட்டும் குடுக்கலியே! அதான்ங்க குறை. வேற ஒரு குறையும் இல்ல.”

பரந்தாமன் எழுந்து ஜன்னலண்டை போய் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“ஏத்துடா பாரத்தை” என்றார். “நானும் வர்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை அரைப்பாரத்தோடு ஆர்.கே.பேட்டைக்குப் போனார்கள். புகை நிற்கவில்லை, கூடியது என்றே சொல்ல வேண்டும். பரந்தாமன் வழியெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். ஆதிகேசவன் மட்டும், “வண்டி முக்குதுங்க, நல்ல முக்கலு” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ராத்திரி இருவருமே ஊர் திரும்பாமல் பக்கத்து அம்மையார்குப்பத்தில் தங்கினார்கள்.

திங்கட்கிழமை காலையில் அடியில் கடலை மூட்டைகள், மேலே சேலைக் கட்டுகள், வண்டியின் ஸ்பிரிங் பட்டைகள் வளைகிற அளவுக்கு ஏற்றினார்கள். தறியை நிறுத்திவிட்டு வந்து ஜனங்கள் பார்த்தார்கள். சாயந்தர ரயிலுக்குமுன் எல்லாம் திருத்தணி ஸ்டேஷன் சேர வேண்டும். நடுவில் இருந்தது நொண்டிக்காளை மேடு. பாரம் ஏற்றிய எந்த வண்டியும் அங்கே நேராக ஏறியதில்லை. அடிவாரத்தில் பாதியை இறக்கிவிட வேண்டும். கூலிக்காரர்கள் தலையில் சுமந்து மேலே கொண்டுவருவார்கள். வண்டி மீதியோடு ஏறும். மாட்டுவண்டிக்கும் அதே வழக்கம்தான், கரி பஸ்ஸுக்கும் அதே வழக்கம்தான்.

லாரியைப் பார்த்ததும் கூலிக்காரர்கள் சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். “எறக்குங்க, எறக்குங்க!”

பரந்தாமன் மேட்டைப் பார்த்தார். “எறக்கிடலாமா ஆதி?”

“காவடியைப் பாதி வழில எறக்குவாங்களாங்க?”

முதல் கியரைப் போட்டான். கொப்பளித்த கையால் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தான். வண்டி ஏற ஆரம்பித்தது. முதல் வளைவில் பின்னால் எழுந்த நீலப்புகையில் கூலிக்காரர்கள் மறைந்தே போனார்கள். இருமலும் ஏச்சும் கேட்டன. பாதி மேட்டில் இஞ்சின் திணறியது. வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்தது. ஆதிகேசவன் காதில் பழைய அலறல் எழுந்தது. காலை எடுத்துவிடு என்று உடம்பெல்லாம் கத்தியது. அவன் எடுக்கவில்லை. “இழு ராசா, இழு” என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினான். பரந்தாமன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, “அரோகரா! அரோகரா!” என்று கத்தினார்.

அப்போதுதான் சத்தம் மாறியது. அதுவரை தொளதொளவென்று அடித்துக்கொண்டிருந்த இஞ்சின், தொண்டையில் சிக்கியிருந்ததைக் காறித் துப்பியது மாதிரி ஒரு கரும்புகையைத் தள்ளியது. பிறகு கணீரென்று, கனமாக, ஒரே சீராக முழங்கியது. இழுவை காலில் தெரிந்தது, சீட்டில் தெரிந்தது. வண்டி ஏறுகிறது! ஆதிகேசவன் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தான். நீலம் இளைத்துக்கொண்டே வந்தது. மேட்டின் உச்சியில் அவன் மறுபடி பார்த்தபோது புகை வரும் இடத்தில் வெயில் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

“மொதலாளி, கண்ணைத் தொறங்க. மேல வந்துட்டோம்.”

பரந்தாமன் கண்ணைத் திறந்தார். கீழே கூலிக்காரர்கள் சும்மாட்டைக் கழற்றி ஆகாசத்தில் வீசி, “அரோகரா” போட்டுக்கொண்டிருந்தார்கள். கூலி போயிற்றே என்ற வருத்தம்கூட அந்த நிமிஷம் அவர்களுக்கு இல்லை. ஆதிகேசவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதான். பரந்தாமன் அவன் முதுகைத் தட்டினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. எண்ணெய் குடிப்பது அன்றைக்கே அடியோடு நின்றுவிடவில்லை. பாரம் ஏற்ற ஏற்ற, அடுத்த சில வாரங்களில் நின்றது. ஆனால் இஞ்சின் பிழைத்துவிட்டது என்று அந்த உச்சியிலேயே இருவருக்கும் தெரிந்துவிட்டது.

திருத்தணிக்குள் லாரி நுழைந்த வேகத்தில் கட்டைவண்டிகள் தாமாக ஒதுங்கின. ஸ்டேஷன் வாசலில், தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாகக் காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆள் வேப்பமர நிழலில் நின்றிருந்தான். ரயில் வந்து போய் வெகுநேரமாகிவிட்டதுபோலும். பட்டணத்து டிரைவர் பரசுராமன் அவன்தான். வண்டி வந்து நின்றதும் காதைச் சாய்த்து இஞ்சினைக் கேட்டான். பின்பக்கம் போய் சைலன்சருக்கு நேரே உள்ளங்கையைக் காட்டினான். கையைத் திருப்பிப் பார்த்தான், சுத்தமாக இருந்தது. முழுப்பாரத்தையும் ஒரு நோட்டம் விட்டான்.

“புகையுது, எண்ணெய் குடிக்குதுன்னு தந்தி வந்துச்சே? இந்த வண்டிதானா?” என்று பரந்தாமனிடம் கேட்டான். “ஜோரா பழகின இஞ்சினுங்க இது. யார் கை?”

ஆதிகேசவன் சீட்டைவிட்டு இறங்காமல் முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பரந்தாமன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “எங்க ஆதிகேசவன் கை. உனக்கு வீண் அலைச்சல் குடுத்துட்டேன் தம்பி, மன்னிச்சுக்க. வூட்டுக்கு வா, ஒரு வாய் சாப்டுட்டு சாயந்தர ரயிலுக்குப் போ. எங்க டிரைவரே கொண்டாந்து வுடுவாரு.”

ஆதிகேசவன் குதித்து இறங்கினான். பரசுராமன் தடுக்கத் தடுக்க, அவன் தகரப் பெட்டியையும் படுக்கையையும் தானே தூக்கி லாரிக்குள் வைத்தான். பெட்டி கனம்தான். அவ்வளவு சந்தோஷமாக அவன் அதுவரை எந்தச் சுமையையும் தூக்கியதில்லை.